பதினேழு வினாடிக்கு ஓர் ஆள்

அவையோருக்கு வணக்கம்.

அறிவிப்பாளர் என்றதும் நம்மில் பலருக்கு வானொலிக் குரல்தான் காதில் விழும். இன்று நான் பேசப்போவது வேறொரு வகை அறிவிப்பாளரைப் பற்றி. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நிலையங்களில், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் திரையில் தோன்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறைந்த 'கன்டினியூட்டி' அறிவிப்பாளர். அப்படி ஒரு வேலை எதற்காக இருந்தது என்று புரிந்தால், அது ஏன் போயிற்று என்பதும் புரிந்துவிடும்.

ஐடிவி 1955 செப்டம்பர் 22 அன்று லண்டனில் தொடங்கியது. அது ஒரே நிறுவனம் அல்ல. வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். நியூகாசிலில் டைன் டீஸ், நாரிச்சில் ஆங்லியா, பெல்ஃபாஸ்ட்டில் அல்ஸ்டர் மூன்றும் 1959இல் வந்தவை. பிளிமத்தில் வெஸ்ட்வர்ட், கார்லைலில் பார்டர், அபர்தீனில் கிராம்பியன் 1961இல் வந்தன. பெரிய நாடகங்களும் தேசியச் செய்தியும் எல்லாருக்கும் பொது. விளம்பரமும் வட்டாரச் செய்தியும் அவரவர் பாடு.

சிக்கல் அங்கேதான். பொது நிகழ்ச்சி குறித்த வினாடியில் திரும்ப வந்துவிடும், யாருக்காகவும் நிற்காது. மூன்று நிமிட இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அது முழுக்க விற்றுப்போகும். கார்லைலில் இரண்டு நிமிடம் நாற்பத்து மூன்று வினாடிக்குத்தான் விளம்பரம் கிடைத்தது என்றால்? மீதிப் பதினேழு வினாடிக்குப் படச்சுருளை நீட்ட முடியாது, நாடாவை இழுக்க முடியாது. தேவைக்கேற்ப நீளவும் சுருங்கவும் கூடியது அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான்: அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

அந்த அறையைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு மைக், ஒளிபரப்பில் போகும் படத்தைக் காட்டும் மானிட்டர், வினாடி முள் ஓடும் கடிகாரம். காதில் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டாளரின் குரல். முகம் காட்டும் நிலையமானால் எதிரே அசையாமல் பூட்டிவைத்த ஒரு கேமரா. பின்னால் கேமராமேன் கிடையாது. நாற்காலி நகர்ந்தால் தலை சட்டத்துக்கு வெளியே போய்விடும், திருத்த ஆள் இல்லை. நெருக்கமான கோடு போட்ட சட்டை கூடாது. கலர் திரையில் அந்தக் கோடுகள் வானவில் போல மினுங்கும்.

இடைவேளை வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு, திரையின் வலது மேல் மூலையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும் சிறு சதுரம் தோன்றும். 'கியூ டாட்' என்பார்கள். ஐந்து வினாடி இருக்கும்போது மறையும். பார்வையாளர் பெரும்பாலோர் அதைக் கவனித்ததே இல்லை. உள்ளே இருப்பவருக்கு அதுதான் உயிர். அந்நாளைய இரண்டங்குல வீடியோ நாடா நிலைப்பட்ட படம் தர ஏறத்தாழப் பத்து வினாடி முன்பே ஓடத் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் நாடாவை ஓட்டிவிட்டால் பின்வாங்க வழியில்லை. பத்தாவது வினாடியில் படம் வந்தே தீரும். அறிவிப்பாளர் அதற்குள் வாயை மூடியிருக்க வேண்டும்.

இதற்கு எழுதும் முறையே தனி. ஆங்கிலத்தில் வினாடிக்கு மூன்று சொல் என்பது பொதுக்கணக்கு. பதினைந்து வினாடிக்கு நாற்பத்தைந்து சொல் வரும். அத்தனையும் எழுதுபவர் புதியவர். அனுபவசாலி முப்பத்தேழு, முப்பத்தெட்டோடு நிறுத்துவார். மூச்சுக்கும் ஒரு தடுமாற்றத்துக்கும் இடம் விடுவார். நடுவில் ஒரு வாக்கியத்தை வெட்டினாலும் பொருள் கெடாதபடி எழுதுவார். கடைசி வாக்கியத்தை மட்டும் முன்பே உரக்கப் படித்து அளந்துவைப்பார். நாலு வினாடி என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தில் நாலு வினாடி மிஞ்சும்போது, எங்கே இருந்தாலும் அதை விட்டுவிட்டு அந்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவார். முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. தொழிலின் சூட்சுமத்தில் பாதி இதுதான் என்று நான் சொல்வேன், குரல்வளம் அப்புறம்.

தவறுவது இரண்டு விதம். நீட்டிப் பேசினால் அடுத்த நிகழ்ச்சியின் முதல் இசை மேல் குரல் ஏறிவிடும். சீக்கிரம் முடித்துவிட்டால் இன்னும் மோசம்: நாலு வினாடி சிரித்த முகத்தோடு சிலையாக உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் பார்ப்பவருக்கு அந்த நாலு வினாடி நாற்பது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கடிகாரத்தில் தெரியாது. நாடகம் ஒரு சாவோடு முடிந்திருக்கும். இவர் குதூகலமாக அடுத்த நகைச்சுவையை வரவேற்பார். அதனால்தான் முடிவுக் காட்சியைப் பார்க்காமல் மைக்கைத் திறக்கக் கூடாது என்பார்கள்.

கோளாறு வந்தால் முதலில் மாட்டுபவரும் இவரே. மன்னிப்புக் கேட்கலாம், காரணம் தெரிந்தால் ஒரு வரியில் சொல்லலாம்; "இன்னும் இரண்டு நிமிடத்தில்" என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சில கோளாறுகள் யார் கைக்கும் அடங்காதவை. 1969 மார்ச் 19 அன்று பனி உறைந்து எம்லி மூர் ஒளிபரப்புக் கோபுரம் சாய்ந்தது. யார்க்‌ஷயர் டெலிவிஷன் என்ற ஐடிவி கம்பெனிக்குப் பேச வாயிருந்தும் கேட்கப் பல வீடுகளில் வழியில்லை. 1977 நவம்பர் 26 அன்று சதர்ன் டெலிவிஷன் என்ற மற்றொரு கம்பெனியின் செய்தி நேரத்தில் யாரோ ஒலியை மட்டும் கைப்பற்றி, வேற்றுலகவாசி பேசுவதாகச் சில நிமிடம் ஓட்டினார்கள். படத்தில் செய்தி வாசிப்பவர், ஒலியில் வேற்றுலகவாசி. பிறகு நிலையம் வருத்தம் தெரிவித்தது.

வேலை இடைவேளையோடு நிற்கவில்லை. இரவுத் தலைப்புச் செய்தி, வானிலை, உள்ளூர்க் கடை விளம்பரச் சிலைடுக்கு நேரடிக் குரல், எல்லாம் இவர் தலையில். குழந்தைகளின் பிறந்தநாள் வாழ்த்தும்தான். பிளிமத்தில் கஸ் ஹனிபன் என்ற முயல் பொம்மை அறிவிப்பாளரின் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைக்காகக் குதித்துக் காட்டும். கம்பெனியே மாறியும் அந்த முயல் 1992 வரை வேலையில் இருந்தது. மனிதர்களில் ரெட்வர்ஸ் கைல் நினைவுக்கு வருகிறார். லண்டனில் அசோசியேட்டட் ரீடிஃப்யூஷனிலும், 1968 முதல் யார்க்‌ஷயரிலும் நெடுங்காலம் ஒலித்த குரல். ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தால் தொலைபேசி அடிக்கும். அந்தப் பயம் எவ்வளவு பெரிய குரலுக்கும் உண்டு.

இரவு முடியும்போது நாளைய நிகழ்ச்சிகளைச் சொல்லி, நல்லிரவு கூறி விடைபெறுவார். தேசிய கீதத்தோடு நிலையம் மூடும். 1988 வாக்கில் இருபத்து நான்கு மணி நேர ஒளிபரப்பு வந்தபோது அந்த விடைபெறுதல் போயிற்று. கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கின. 2002 அக்டோபர் 28 முதல் இங்கிலாந்தின் வட்டாரங்களுக்கெல்லாம் ஐடிவி1 என்ற ஒரே பெயர், லண்டனிலிருந்து ஒரே குரல். பெல்ஃபாஸ்ட் தன் சொந்த அறிவிப்பாளர்களை 2016 வரை வைத்திருந்தது.

இப்போது இடைவேளையைக் கணினி அடுக்குகிறது. முன்னோட்டத் துண்டுகளைப் பத்து, இருபது, முப்பது வினாடி அளவில் முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறார்கள். கார்லைலுக்கு மட்டும் பதினேழு வினாடி மிஞ்சுவது என்ற பேச்சே எழுவதில்லை.