"அதையும் மாடல்ல சேருங்க"ன்னு ஒரு ரிவ்யூவர்!

வணக்கம் மக்களே! ப்ரொபென்சிட்டி ஸ்கோர், அதாவது ஒருத்தருக்குச் சிகிச்சை கிடைக்க எவ்வளவு வாய்ப்புங்கற கணக்கு, அதோட ரெண்டாம் பாகம் இன்னைக்கு வரணும். அதைத் தள்ளி வெச்சிட்டேன், இதைப் பேசியே ஆகணும்.

போன வீடியோல காட்டினேன்ல, ரத்த அழுத்த மருந்து பக்கவாதத்தை எவ்வளவு குறைக்குதுங்கற என்னோட ஆய்வுப் பேப்பர், அதுக்கு ஜர்னல்ல இருந்து ரிவ்யூ வந்துடுச்சு. மாசக்கணக்கா காத்திருந்து வந்த ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி: "சிகிச்சைக்கு அப்புறம் அளந்த ரத்த அழுத்தத்தையும் மாடல்ல சேருங்க." மாடல்னா மருந்தோட பலனைக் கணக்குப் போடற புள்ளியியல் சமன்பாடு. எனக்கு வந்த கோபம் இருக்கே!

மருந்து எப்படி வேலை செய்யுது? அழுத்தத்தைக் குறைக்குது, அதனால பக்கவாதம் குறையுது. மருந்துல இருந்து அழுத்தம், அழுத்தத்துல இருந்து பக்கவாதம்னு அம்பு போட்டுப் பாருங்க, அழுத்தம் நடுவுல நிக்குது. அதை மாடல்ல சேர்த்தா மருந்து போற வழியையே அடைச்சிட்டு, "பலன் எங்கே?"ன்னு கேக்கற மாதிரி ஆயிடும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். மருந்துக்கு முன்னாடி அளந்த அழுத்தம் ஏற்கெனவே மாடல்ல இருக்கு. இருந்தே ஆகணும், ஏன்னா அழுத்தம் ஏறினவங்களுக்குத்தான் டாக்டர் மருந்தே எழுதறார். அது கன்ஃபவுண்டர், அதாவது மருந்து யாருக்குக் கிடைக்குதுங்கறதையும் பக்கவாதத்தையும் ரெண்டையுமே பாதிக்கற காரணி. அதே அழுத்தம்தான், எப்ப அளந்தோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

இது புதுசும் இல்லங்க. ரோசன்பாம், ரூபின்னு ரெண்டு புள்ளியியல் நிபுணர்கள் 1983-ல ப்ரொபென்சிட்டி ஸ்கோர் பேப்பர் போட்டாங்க. மறு வருஷமே, 1984-ல, சிகிச்சையால மாறக்கூடிய அளவை இப்படி மாடல்ல சேர்த்து அட்ஜஸ்ட் பண்ணா என்ன ஆகும்னு ரோசன்பாம் தனியா ஒரு பேப்பர் எழுதினார். முதல் பேப்பரை எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க, ரெண்டாவதைப் படிக்கறதே இல்ல!

இதே தப்புக்கு இன்னொரு உதாரணம். புகைக்கும் குழந்தை இறப்புக்கும் நடுவுல பிறப்பு எடை நிக்குது. எடை குறைவா பொறந்த குழந்தைகளை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தா, புகைபிடிக்கற அம்மாக்களோட குழந்தைகள்ல இறப்பு கம்மியா தெரியும். அப்ப புகை காப்பாத்துதா? கிடையவே கிடையாது. புகையே இல்லாம எடை குறைஞ்சிருந்தா, பிறவிக் குறைபாடு மாதிரி அதைவிட மோசமான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். நடுவுல இருக்கற எடையை வெச்சுப் பிரிச்சுப் பார்த்ததால வந்த வினை அது.

பிஎச்டி பண்றவங்க நிறைய பேர் பார்க்கறீங்க, உங்களுக்குத்தான் சொல்றேன். பேப்பர் சீக்கிரம் வெளிய வரணுமேன்னு ரிவ்யூவர் கேட்டதையெல்லாம் சேர்த்துடற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வேலை, பதவி உயர்வு எல்லாம் பேப்பரை நம்பித்தான் இருக்கு, புரியுது. ஆனா தப்பான எண்ணை நம்பி யாரோ ஒருத்தருக்கு மருந்தை நிறுத்திடுவாங்களே!

ரிவ்யூவர் கேட்டதை நான் சேர்க்கல. சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டர்ல செயற்கை டேட்டா வெச்சு ஒரு சோதனை, பண்ணி அனுப்பினேன். டேட்டாவை நாமளே உருவாக்கறதால மருந்தோட உண்மையான பலன் எவ்வளவுன்னு முன்னாடியே தெரியும். சிகிச்சைக்கு அப்புறம் அளந்த அழுத்தத்தைச் சேர்த்ததும் அந்தப் பலன் எப்படிச் சுருங்கித் தெரியுதுன்னு படம் போட்டுக் காட்டினேன். எடிட்டர் ஏத்துக்கிட்டார்! சிமுலேஷனோட ப்ரோக்ராம் கோட் கீழ இருக்கு, எண்களை மாத்தி ஓட்டிப் பாருங்க.