கரையின் கனம்

வணக்கம் நேயர்களே. ரயில் பாலத்தில் ஏறும் இடத்தில் சில சமயம் ஒரு குலுக்கல் வரும், கவனித்திருப்பீர்கள். பாலம் ஆழமான அடித்தளத்தில் அசையாமல் நிற்கிறது. அதை ஒட்டி, ரயில்பாதைக்காக மண் கொட்டி உயர்த்திய கரை கொஞ்சம் அமுங்கிவிடுகிறது.

ஏன் அமுங்குகிறது? ரயில் பாரம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உயரமான கரைகளில் பெரும்பங்கு கரையின் சொந்தப் பாரமே. நன்றாக இறுக்கிய மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,900 கிலோ. 6 மீட்டர் உயரக் கரை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் 11 டன்னுக்கு மேல்! ரயில் வரும், போகும். கரை ராப்பகலாக அங்கேயே இருக்கிறது. அடியில் ஈரக் களிமண் இருந்தால் அதன் நீர் வருடக்கணக்கில் கசிந்து வெளியேற, நிலம் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே முதலில் கரையின் கனத்தைக் குறையுங்கள். எங்கே பேசினாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. இங்கிலாந்தில் 1830இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பைக் கடக்க வேண்டியிருந்தது. வண்டி வண்டியாக மண் கொட்டினார்கள்; அத்தனையும் உள்ளே போய்விட்டது. அந்தப் பாதையின் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் புதர்ச்செடிகளைத் தட்டியாகப் பின்னிப் பரப்பி, அதன்மேல் பாதை போட்டார். கரை எழுப்ப வேண்டிய இடத்தில் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சதுப்பின் மட்கிய மண்ணையே வெட்டி, காயவைத்துக் கொட்டினார். காய்ந்தால் அது அவ்வளவு லேசு! இன்றும் அந்த வழியில் ரயில் ஓடுகிறது.

இன்று அதே யோசனைதான் நுரைமண். மண், சிமெண்ட், தண்ணீர் மூன்றையும் கூழாகக் கலக்கி, தனியே அடித்த நுரையைச் சேர்த்து, குழாய் வழியே அடுக்கடுக்காக ஊற்றுகிறார்கள். தானே பரவி நிரம்பிக்கொள்ளும், உருளை ஓட்ட வேண்டியதில்லை. இறுகிய துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். கனம் ஒரு கன மீட்டருக்கு 600, 700 கிலோ வரைகூட இறங்கும். அதே 6 மீட்டர் கரை, சுமார் 4 டன்தான்! பாலத்தின் பக்கச்சுவரை அது தள்ளுவதும் குறைவு.

தெர்மாகோல் மணி கலந்த மண், டயர்த் துண்டு கலந்த மண் பற்றியெல்லாம் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைவிட லேசான கரை வெள்ளத்தில் மிதக்கப் பார்க்கும். அதனால் மேலே போதிய பாரமும், நீர் வடிய வழியும் கட்டாயம் வேண்டும். நன்றி, வணக்கம்.