தூரம் மாறும், நேரம் மாறாது: கோல்ஃப் பட்டிங்கின் காலப்பிரமாணம்

[காட்சி: கிரீனில், அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையில், ஒரு பந்து. குழிக்கு மூன்றடி தூரம்.]

குரல்: மூன்றடிதான். குனிந்து கையாலேயே உருட்டிவிடலாம்போல் இருக்கிறது. ஆனால் 250 கெஜம் பறந்த டிரைவும், அதாவது தொடக்கத்தில் ஓங்கி அடிக்கும் நீண்ட வீச்சும், ஒரு ஸ்ட்ரோக், இந்த மூன்றடியும் ஒரு ஸ்ட்ரோக். பார் 72 மைதானத்தில், அதாவது 72 ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய மைதானத்தில், 36 ஸ்ட்ரோக்குகள் பட்டிங்குக்கென்றே, கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் விழவைப்பதற்கென்றே, கணக்கிடப்பட்டவை. சரிபாதி! பயிற்சி நேரத்தில் அந்தப் பாதியை யார் கொடுக்கிறார்கள்?

[காட்சி: மெதுவான ஓட்டத்தில் ஒரு வீச்சு.]

குரல்: மட்டையின் தலையைப் பாருங்கள். தேவைக்கு மேல் பின்னால் போய்விட்டது. 'பந்து ஓடிவிடுமே' என்று கை பயப்படுகிறது. பந்தை நெருங்கும் நேரத்தில் பிரேக் போடுகிறது. அந்தத் தயக்கத்தில் மணிக்கட்டு மடங்கி, மட்டையின் முகம் திரும்பிவிடுகிறது. பத்தடி தூரத்திலிருந்து புறப்படும் பந்து 1 டிகிரி திசை மாறினால், குழியருகே வரும்போது 2 அங்குலத்துக்குச் சற்று மேல் விலகியிருக்கும். குழியின் விட்டமே நாலேகால் அங்குலம். நடுவைக் குறிவைத்த பந்து விளிம்புக்கு வந்துவிட்டது!

[காட்சி: ஊஞ்சல். முதலில் சிறிய ஆட்டம், பிறகு சற்றுப் பெரிய ஆட்டம்.]

குரல்: ஊஞ்சலைக் கொஞ்சம் தள்ளினாலும், இன்னும் சற்று ஓங்கித் தள்ளினாலும், ஒரு முறை போய்வர ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். தூரம் கூடும்போது வேகமும் கூடிவிடுகிறது. நல்ல பட்டிங்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. தொலைவிலிருந்து பட்டிங் செய்ய வீச்சை நீட்டுங்கள், அருகிலிருந்து செய்யச் சுருக்குங்கள். காலப்பிரமாணத்தில் கைவைக்காதீர்கள். தோள்கள் ஆடட்டும், மணிக்கட்டுகள் சும்மா இருக்கட்டும்.

[ஒலி: சீரான தாளம் தட்டும் மெட்ரோநோம், நிமிடத்துக்கு 76 தட்டு.]

குரல்: கைப்பேசியில் மெட்ரோநோம் செயலியை 76-இல் வையுங்கள். முதல் தட்டில் மட்டை புறப்படுகிறது. இரண்டாம் தட்டில் பின்முனையைத் தொடுகிறது. மூன்றாம் தட்டில் முன்முனையில் நிற்கிறது. பந்தில் படுவது எப்போது? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நட்டநடுவில், தட்டே இல்லாத இடத்தில். அதாவது, பின்னால் போக எடுத்த நேரத்தில் பாதிக்குள் மட்டை பந்தை அடைந்துவிடுகிறது. பந்தைத் தட்டோடு சேர்த்து அடிக்கப் பார்க்காதீர்கள், வெடுக்கென்று குத்திவிடுவீர்கள். 76 இழுப்பதுபோல் தோன்றினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குரிய எண்ணைக் கண்டுபிடித்தபின் அதை மாற்றாதீர்கள்.

[காட்சி: மாலை வெயிலில் ஒரு கிரீன்.]

குரல்: 2008 யு.எஸ். ஓப்பன். கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானம், ஞாயிறு மாலை, கடைசிக் குழி. டைகர் வுட்ஸுக்கு முன்னால் சுமார் 12 அடி. தவறினால் கோப்பை ராக்கோ மீடியேட்டுக்கு. நாள் முழுக்க மிதிபட்ட புல்லில் பந்து துள்ளித் துள்ளித்தான் ஓடும். புல்லை அவரால் திருத்த முடியாது, வீச்சைச் சுத்தமாக முடிக்க மட்டுமே முடியும். முடித்தார். பந்து விழுந்தது. இருவரும் சமன். மறுநாள் அந்தச் சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் வென்றார்.

[காட்சி: பந்தை ஏற்றிவைக்கப் பயன்படும் இரண்டு டீ குச்சிகள், நடுவே மட்டை.]

குரல்: அவர் விடாமல் செய்யும் பயிற்சி இது. மட்டையின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான இடைவெளியில் இரண்டு குச்சிகள். வாசல்போல. மட்டை எதிலும் உரசாமல் போய்வர வேண்டும். நான்கடி தூரத்தில் தொடங்குங்கள். பந்துக்கு அடியில் ஒரு நாணயத்தை வையுங்கள். பந்து போனபிறகும் பார்வை அந்த நாணயத்திலேயே இருக்கட்டும். குழியில் விழும் சத்தத்தைக் காதால் கேளுங்கள்.

[ஒலி: தட்டு. தட்டு. தட்டு. பந்து குழிக்குள் விழும் சத்தம்.]