சாயங்காலமும் திறக்கட்டும் உழவர் சந்தை

(உழவர் சந்தை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் துணை இயக்குநர் அவர்களே, நமக்கெல்லாம் முன்பாக வந்து பூட்டைத் திறக்கும் சந்தை நிர்வாக அலுவலர் அவர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, விடியுமுன் மூட்டையோடு வந்து இறங்கிய உழவர் பெருமக்களே, கையில் பையோடு நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

துணை இயக்குநர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் மூன்றாவது வரிசைக் கூரை ஒழுகி, கீரைக்கட்டெல்லாம் சேற்றில் மிதந்தது. மனு கொடுத்தோம். அந்த வாரமே பொறியாளரைக் கையோடு அழைத்து வந்து நின்றார். குப்பை வண்டி மதியமும் ஒரு நடை வருகிறதென்றால் அது நகராட்சித் தலைவர் அம்மாவின் உத்தரவு. இந்தப் பந்தலும் ஒலிபெருக்கியும் வணிகர் சங்கத் தலைவரின் உபயம். கடை வைத்திருப்பவர் உழவர் சந்தைக்குப் பந்தல் போடுகிறார் என்றால் அந்தப் பெரிய மனதை நாம் மறக்கக் கூடாது.

மூன்று செய்திகள் பேசுவதாக விழாக் குழுவிடம் சொல்லியிருந்தேன். ஒன்று விலை, இரண்டு எடை, மூன்று நேரம்.

விலையில் தொடங்குகிறேன். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. வயலில் இருக்கிறவரை விளைச்சல் கண் நிறையத் தெரியும். மண்டிக்குப் போய் வந்த பிறகுதான் கணக்கு உதைக்கும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, கமிஷன், அதற்கு மேல் கழிவு என்று ஒரு தொகை. எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்பது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைக்கு வரும். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் பேசாமல் பேருந்து ஏறியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

இந்த நிலையை மாற்றத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் திறந்து வைத்தார். இதேபோல் உழவர் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கும் அப்னி மண்டி பஞ்சாபில் 1987இலேயே வந்துவிட்டது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் அதே வகையில் ரைத்து பஜார் தொடங்கினார்கள். நம் சந்தைக்கென்று ஒரு முறை வகுத்தார்கள். நிலத்தை வந்து பார்த்து, இன்ன பயிர் நிற்கிறது என்று உறுதிசெய்த பிறகே அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தரகு இல்லை. காலையில் மண்டி விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரித்து, மொத்த விலைக்குச் சுமார் 20 விழுக்காடு மேலே, சில்லறை விலைக்குச் சுமார் 15 விழுக்காடு கீழே என்று விலை வைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

பலகையில் விலை எழுதியிருந்தாலும் நம் மக்கள் பேரம் பேசாமல் விடுவார்களா? நம் சந்தையில் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆத்தா வெண்டைக்காய் கொண்டு வருவார். ஒரு நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெரியவர் ஒருவர் வந்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது. கூடையில் கையை விட்டார். ஒரு காயை எடுத்தார், நுனியை ஒடித்தார், போட்டார். இன்னொன்று, டக். மற்றொன்று, டக். ஒரு கை நிறைய நுனி காலடியில் சேர்ந்துவிட்டது. ஆத்தா வாயே திறக்கவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியவர், "காய் சுமாராத்தான் இருக்கு, பலகை விலையில அஞ்சு ரூபா குறைச்சுக்க" என்றார்.

ஆத்தா கேட்டார்: "ஏன்ய்யா, பிஞ்சு ஒடியுமா, முத்தல் ஒடியுமா?"

"பிஞ்சுதான் ஒடியும்."

"நீங்க ஒடிச்சதுல ஒடியாதது ஒண்ணாச்சும் உண்டா?"

பெரியவர் யோசித்தார். "இல்ல."

"அப்ப ஒடிச்சதையெல்லாம் நீங்க எடுத்துக்கங்க. நல்ல காய்னு நீங்களே பார்த்து வச்சது. மூக்கு போன காயை இனி எவ வாங்குவா? ஒடியாததா இருந்தா எனக்கு விட்டுடுங்க, நான் விதைக்கு வச்சுக்கிறேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. பெரியவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். நுனி ஒடிந்த காய்களை அவரே கூடையிலிருந்து பொறுக்கித் தட்டில் வைத்தார். ஒரு கிலோவுக்கு மேல் நின்றது. பலகை விலைக்கே பணம் கொடுத்தார். ஆத்தா ஒரு பிடி கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டு, "நாளைக்கும் வாங்க, ஆனா கையை மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றார்.

நீங்கள் கைதட்டுகிறீர்கள். ஆனால் அன்று மதியம் நடந்ததையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சந்தை அடங்கியபோது அந்த ஆத்தாவின் கூடையில் பாதிக் காய் அப்படியே இருந்தது. வெண்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டிய காய். செடியில் விட்டால் நாராகிவிடும், கூடையில் விட்டால் கறுத்துவிடும். வாசலுக்கு வெளியே காத்திருந்த வியாபாரி பலகை விலையில் பாதிக்கும் கீழே கேட்டார். ஆத்தா கொடுத்துவிட்டுப் போனார். காலையில் ஐந்து ரூபாய்க்கு வாதாடி ஜெயித்தவர் மதியம் வாய் திறக்காமல் கொடுத்தார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அங்கேதான் என் முன்னால் நின்றது.

எடையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். மின்னணுத் தராசைத் துறையே இலவசமாகத் தருகிறது. காலையில் வாங்கி மதியம் ஒப்படைக்கிறார்கள். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன். நேரம்தான் இப்போது முக்கியம்.

இந்தச் சந்தை விடியலில் திறந்து மதியத்தில் மூடுகிறது. இந்த ஊரில் மில்லுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போகிற பெண்கள் எத்தனை பேர்! காலையில் அவர்கள் சமைப்பார்களா, பிள்ளையைக் கிளப்புவார்களா, சந்தைக்கு வருவார்களா? சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது இங்கே கதவு பூட்டியிருக்கிறது. வழியில் உள்ள கடையில், காலையிலிருந்து தண்ணீர் தெளித்து வைத்த காயைக் கூடுதல் விலைக்கு வாங்கிப் போகிறார்கள். அதே நேரத்தில் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குடும்பம் மறுநாள் சந்தைக்காகக் கீரை பறித்து, கட்டுக் கட்டி, ஈரச்சாக்கு போட்டு மூடி, ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறது. மூன்று மணிக்குப் பறித்த கீரை ஐந்து மணிக்கு இங்கே வந்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

இது புதுமை ஒன்றும் இல்லை. சங்க காலத்து மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டும் இருந்தன. இன்றும் சில இடங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மாலையில் உழவர் சந்தைக்குள்ளேயே சிறுதானியமும் பருப்பும் எண்ணெயும் விற்கின்றன. அதை வரவேற்கிறேன். ஆனால் பருப்பு நாளைக்கும் இருக்கும். கீரை இருக்குமா? காய்கறி விற்கிற உழவருக்குத்தான் மாலை நேரம் அவசரத் தேவை.

எங்கள் கோரிக்கை மாலை நான்கு முதல் எட்டு வரை. எல்லா வரிசையும் வேண்டாம், முதல் வரிசை போதும். அதற்கு விளக்கு. தராசு கொடுத்து வாங்க ஓர் ஊழியர். மாலைக்கென்று விலையை மறுபடி நிர்ணயித்துப் பலகையில் எழுத வேண்டும். பெண்கள் இருட்டிய பிறகும் இருக்கப் போவதால் பூட்டி வைக்காத, தண்ணீர் வருகிற கழிப்பறை வேண்டும். கடைசிப் பேருந்து சந்தை வாசலில் நின்று போக வேண்டும். விற்காத காய் இருந்தால் ராத்திரி வைக்க ஒரு குளிர் அறையும் கேட்கிறோம். ஆனால் அதற்காக மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை.

செலவு எவ்வளவு ஆகும் என்று அம்மையார் அவர்கள் கேட்கலாம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்கிற ஊரில், மாலை நான்கு மணி நேர மின்கட்டணத்துக்கு நகராட்சி கணக்குப் பார்க்காது என்று நம்பித்தான் இந்த மேடையில் கேட்கிறேன். மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். கூட்டம் வரவில்லை என்றால் மறுபடி உங்களைத் தேடி வர மாட்டோம்.

மனுவைத் துணை இயக்குநர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்குத் தராசு கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறோம். அட்டை எண்ணோடு உழவர்கள் ஒரு தாளிலும், வாங்க வந்தவர்கள் வேறு தாளிலும் போடுங்கள். நன்றி, வணக்கம்.