நெருஞ்சில் குடிநீரும் பழுதான சிறுநீரகமும்

வணக்கம். சிறுபோகம் முடிந்த வயல் வரம்பில் செருப்பில்லாமல் நடந்த எவருக்கும் நெருஞ்சிலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சலக்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் அந்த முள்ளை இடித்து, சிறுபீளையோடு சேர்த்துக் குடிநீர் காய்ச்சிக் கொடுப்பது எங்கள் பரியாரிமாரின் நெடுநாள் வழக்கம். சித்த மருத்துவனான நானும் அதைக் கொடுத்து வருகிறேன்.

நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பெருமளவில் அடையாளம் காணப்பட்டு, அதன் எல்லையிலுள்ள வவுனியாக் கிராமங்களிலும் காணப்படுகின்ற இந்த நோயில், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் சிறிது சிறிதாகத் தழும்பேறி அழிகின்றன. அழிந்தவை மறுபடி உண்டாவதில்லை.

“குடிநீர் குடிச்சாப் பிறகு சலம் நல்லாப் போகுது ஐயா, இனிக் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லைத்தானே?” என்று நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். சலம் பெருகுவது வேறு, இரத்தத்திலுள்ள கழிவு பிரிந்து வெளியேறுவது வேறு என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. சலம் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் கிரியாற்றினின் என்ற கழிவு ஏறிக்கொண்டிருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். நெருஞ்சிலோ மூக்கிரட்டையோ அழிந்த வடிகட்டிகளை மீட்டதாக மனிதரிடம் நிறுவப்படவில்லை.

சில மூலிகைகள் நேரடியாகவே கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக மூலிகை மருந்து உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதாயின. அதில் கலந்திருந்த செடியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான் எங்கள் ஆடுதின்னாப்பாளை. நீரிழிவுக்கென்று வெறும் வயிற்றில் குடிக்கப்படும் பிலிம்பிக்காய்ச் சாற்றிலுள்ள ஒட்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் உப்பாகப் படியும். காமரங்காய் எனப்படும் நட்சத்திரப் பழமோ, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய் உயிரையும் பறிக்கலாம். இளநீரும் கீரைச் சாறும் வாழைத்தண்டுச் சாறும் நல்லவைதான், ஆனாலும் நோய் முற்றியவரின் உடலில் அவற்றிலுள்ள பொற்றாசியம் தேங்கி இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும்.

ஆகவே, உங்கள் வீட்டில் காய்ச்சுகிற மூலிகை எதுவானாலும், அதில் ஒரு பிடியைப் பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். பிரசர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏசுவார்கள் என்று பயந்து மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். என்னிடம் வருகிறவர்களையும் கிளினிக் கொப்பியோடுதான் வரச் சொல்கிறேன்.