வலைக்குள் கூஸ், கோழி, வாத்து: சீறுகிற ஆண் கூஸை எப்படிச் சமாளிப்பது?

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு சத்தம் கேட்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். செம்பவாங் பக்கம் மாமா வீட்டுப் பின்கட்டில் நிற்கிறேன். இங்கே மூன்று கூஸ் (கழுத்து நீண்ட பெரிய வாத்து வகை), ஐந்து கோழி, இரண்டு சாதாரண வாத்து. மொத்தம் பத்து. சிங்கப்பூரில் தரைவீட்டில் வளர்க்க அனுமதி இருப்பதும் அதிகபட்சம் 10 பறவைகளுக்குத்தான். வீவக வீடுகளில், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில், கோழி, வாத்து எதுவும் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் வரக்கூடாது என்பதற்காகக் கூண்டு முழுக்க வலை அடித்திருக்க வேண்டும், வெளிப் பறவை உள்ளே நுழையக் கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூஸ் வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கிற யோசனைகளில் பாதி, ஏக்கர் கணக்கில் புல்வெளி வைத்திருப்பவர்களுக்கானது. ஆண் கூஸ் முரண்டு பிடித்தால் வெளியே மேயவிடு என்று முடித்துவிடுவார்கள். நமக்கு அந்த வழி இல்லை. பத்தும் ஒரே வலைக்குள் இருக்க வேண்டும். அதனால் இங்கே அதன் கோபத்துக்கு முதல் மருந்து, இருக்கிற இடத்தைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். நெற்றியில் குமிழ் இருக்கிறதே, அது சீன வகை ஆண். கழுத்தைத் தரையோடு தாழ்த்தி முன்னால் நீட்டுகிறது, வாயைத் திறந்து சீறுகிறது. இது மிரட்டல். கழுத்தை நேராக மேலே தூக்கி நின்றால் அது வேறு, எதையோ கண்டு உஷாராகி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அலகின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், கவ்விப் பிடித்துத் திருகினால் தோல் கன்றிப்போகும். ஆனால் அதைவிட வலிப்பது இறக்கை மடிப்பில் இருக்கிற எலும்பு முட்டின் அடி. அதனால் கிட்டே போய்க் குனியாதீர்கள், முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்படி வந்தால் ஓடக்கூடாது. அதன் பக்கம் திரும்பி நில்லுங்கள், கைகளை அகலமாக விரியுங்கள், அது நின்றதும் பார்வையை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். உதைப்பதும் குச்சியால் அடிப்பதும் வேண்டவே வேண்டாம், மனிதன் எதிரிதான் என்று அதன் மனதில் பதிந்துவிடும். கூஸ் வாத்துகளோடு பல வருடம் வாழ்ந்து அவற்றின் நடத்தையை ஆராய்ந்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லோரென்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர். ஆண் கூஸ் எதிரியை விரட்டிவிட்டுத் தன் துணையிடம் ஓடிவந்து, கழுத்தை நீட்டிக் கத்தி வெற்றியைக் கொண்டாடுவதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கேயும் அதேதான் நடக்கிறது. நீங்கள் ஓடினால் அதற்கு ஒரு வெற்றி, நாளைக்கு இன்னும் தைரியமாக வரும். கோழி ஓடினாலும் அப்படித்தான், அதனால்தான் எப்போதும் ஓடுகிற ஒரே கோழியையே குறிவைத்துத் துரத்துகிறது.

குளிர்நாடுகளில் வசந்தத்தில் பகல் நீள நீள முட்டைக்காலம் வரும், ஆணின் கோபமும் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். நமக்கோ வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதனால் காலண்டரை நம்பாமல் பெட்டையைக் கவனியுங்கள். வைக்கோலை இழுத்து ஒரு மூலையில் சேர்க்கிறதா, தன் நெஞ்சு இறகையே பிடுங்கிப் போடுகிறதா, அப்படியென்றால் அடைக்கு உட்காரப் போகிறது. அடை 28 முதல் 30 நாள் வரை. அந்த நாட்களில் ஆணைத் திருத்தப் பார்ப்பது வீண், அது தன் வேலையைத்தான் செய்கிறது. கூட்டுப் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

சரி, இடம் பிரிப்பது. மாமா கூண்டின் நடுவில் இடுப்பளவுக்குத் தடுப்பு வைத்திருக்கிறார். கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்தது முக்கியம், ஏனென்றால் வெறும் கம்பிவலை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நாளெல்லாம் சண்டை நடக்கும். கோழிகள் ஏறி உட்கார உயரத்தில் கட்டைகள் இருக்கின்றன, கூஸால் அங்கே எட்ட முடியாது. தீனி ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூன்று மூலைகளில் வையுங்கள், அப்போது ஒரே பறவையால் எல்லாத் தட்டையும் காவல் காக்க முடியாது. கூஸுக்கு முக்கிய உணவு புல்லும் கீரையும். தேக்கா சந்தையில் கழித்துப் போடுகிற கங்கோங் தண்டு, கீரைத் தண்டு எல்லாம் வாங்கி வந்து கட்டித் தொங்கவிட்டால் மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். வேலை இருக்கிற கூஸ் அவ்வளவாகச் சண்டைக்குப் போகாது. முட்டைக் கோழித் தீனியை ஆண் கூஸுக்கு வழக்கமாகப் போட வேண்டாம், அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதற்குத் தேவையில்லை, சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

தண்ணீர் தொட்டி தலை முழுகுகிற ஆழத்துக்காவது வேண்டும், கண்ணையும் மூக்கையும் கழுவ. ஆனால் கூஸ் சுற்றியிருக்கிற தரையை ஈரமாக்கிவிடும், ஈரம் கோழிக்கு ஆகாது. தொட்டியைக் கோழிப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். தினமும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். டெங்கி ஊர் இது, தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் வரும், அதைவிட அக்கம்பக்கத்தார் ஆரோக்கியம் பெரிது.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். இணைக்குப் பெட்டை போதாமல் ஆண் கூஸோ ஆண் வாத்தோ கோழி மேல் ஏறினால் கோழிக்கு உள்காயம் படும், செத்தும் போகலாம். ஓர் ஆண் கூஸுக்கு இரண்டு பெட்டையாவது வேண்டும். இரண்டு ஆண் வேண்டவே வேண்டாம், நம் இடத்தில் அவை ஒன்றையொன்று விடாது. இரவில் இனவாரியாகத் தனித்தனியாக அடைத்துவிடுங்கள். விடியற்காலையில்தான் துரத்தல் அதிகம், ஆள் எழுந்து வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

பிடிக்க வேண்டி வந்தால் பின்னாலிருந்து போய் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் தாங்குங்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், காலும் இடுப்பும் விலகிவிடும்.

கொத்துப்பட்ட கோழி இருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் கூஸ் விட்டாலும் மற்ற கோழிகள் விடாது, அதே இடத்தில் கொத்திக்கொண்டே இருக்கும். காயம் காய்ந்து இறகு மூடின பிறகு, முதலில் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

கூஸ் 20 வருடம் கூட வாழும். முரடு என்று சொல்லி யாரிடமோ தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் பின்கட்டை அளந்து பாருங்கள். தடுப்பு வைக்க இடமில்லை என்றால் கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கூண்டின் அளவைக் கீழே எழுதினால், தடுப்பு எங்கே வரலாம் என்று மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.