சிப்பிக்குள் நடக்கும் சமையல்

நேயர்களுக்கு வணக்கம். களியக்காவிளைப் பக்கம் நெடுங்காலம் வேதியியல் பாடம் எடுத்தவன் நான். சொன்னதையே திரும்பச் சொல்வது வாத்தியார் வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 செப்டம்பர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட 7 பேர் இறந்துபோனார்கள். 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நம் பாறைகளில் நாரால் ஒட்டிக்கொண்டு வளருமே, மரச்சீனிக் கிழங்கோடு நாம் சாப்பிடும் அதே சிப்பிதான். அந்த வாரம் எங்கள் சந்தையில் சிப்பிக் குவியலை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. எனக்கு வழக்கமாகத் தரும் அம்மா மட்டும் விடவில்லை: "நல்லா அவிச்சு, கொஞ்சம் புளியும் சேத்துட்டா எந்த விஷமும் நிக்காது சாரே."

அந்தப் பேச்சு என்னை இன்றுவரை விடவில்லை. ஏனென்றால் அந்தச் சிப்பிகளில் இருந்தது சாக்ஸிடாக்சின் வகை நச்சு, அது கொதிக்கிற தண்ணீருக்கு அசையாது. புளிப்பில் இன்னும் சௌகரியமாக இருக்கும்.

இதில் கப்பல்காரர் கதை ஒன்று உண்டு, சொல்லாமல் போக மனசில்லை. 1793 ஜூன் மாதம், கனடாவின் மேற்குக் கரை. பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் சிலர் படகில் போய், கரையில் இறங்கிக் காலைச் சாப்பாட்டுக்குச் சிப்பி தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் முகமும் கைகாலும் மரத்தன. அவர்களில் ஒருவருக்கு முன்பே இந்த அனுபவம் உண்டு. வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டால் சரியாகும் என்றார். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அப்படியே துடுப்புப் போட்டார். கரை சேர்ந்தபோது எழ முடியவில்லை. அன்று மதியமே உயிர் போயிற்று. அந்த இடத்துக்கு வான்கூவர் வைத்த பெயர் நச்சுக் குடா. கடலை எத்தனையோ வருடம் பார்த்த ஆட்கள், பாருங்கள், உழைத்து வியர்த்தால் இறங்கிவிடும் என்று நம்பினார்கள். நம் சந்தை அம்மா புளியை நம்பினார். இரண்டும் ஒன்றுதான்.

சரி, நச்சு எங்கிருந்து வருகிறது? சிப்பி உண்டாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி உண்டாக்குகிறது. சிப்பி மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். நச்சு உள்ளே சேரும். நம் நரம்பில் சோடியம் நுழையும் சின்ன வாசல்கள் இருக்கின்றன. நச்சு அந்த வாசலில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். செய்தி ஓடாது, தசை அசையாது, கடைசியில் மூச்சும் நிற்கும்.

பலரும் சிப்பியை வெறும் பாத்திரம் என்று நினைக்கிறார்கள்: பாசி ஊற்றியது அப்படியே நமக்கு வருகிறது என்று. அப்படியில்லை, உள்ளே சமையல் நடக்கிறது. பாசி தரும் நச்சில் ஒரு பகுதி சாதுவானது. தக்கையைச் சுற்றித் துணி கட்டியது போல கந்தகம் கொண்ட ஒரு துணுக்கு கூடுதலாக ஒட்டியிருக்கும், வாசலில் சரியாகப் பொருந்தாது. அந்தத் துணி கழன்றால் அதே தக்கை இறுக்கமாக உட்காரும். பாசி தந்ததைவிடச் சிப்பியில் இருப்பது கொடியதாகிவிடலாம். மறுபடி சொல்கிறேன்: அளவு கூடவே இல்லை, உரு மாறியது, அவ்வளவுதான். சிப்பி உடம்பில், நம் உடம்பிலும்தான், குளூட்டாதயோன் என்றொரு பொருள் உண்டு. அதுவும் இந்த நச்சுகளின் உருவை மாற்றும். சில மட்டி இனங்கள் இன்னொரு வேலை செய்கின்றன: நொதியால் நச்சின் வாலை நறுக்கும். வீரியமான நச்சில் நறுக்கினால் வேகம் குறையும், சாதுவானதில் நறுக்கினால் கூடும். ஒரே கத்தரிக்கோல்தான்! அதனால்தான் ஒரே கடலில், ஒரே நாளில் எடுத்த இரண்டு இனங்களில் நச்சு வேறு வேறாக இருக்கும்.

இனத்துக்கு இனம் எத்தனை நாள் தங்கும் என்பதையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: சிப்பி பெரும்பாலும் சில வாரங்களில் நச்சை வெளியேற்றிவிடும், அலாஸ்காவில் ஒரு மட்டி, சாக்ஸிடாக்சின் என்று இந்த நச்சுக்கே பேர் கொடுத்தது அதுதான், இரண்டு வருடம்கூட வைத்திருக்கும். அப்புறம், பாசி பெருகிக் கடல் சிவந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. நச்சு நீரில் கரையும், ஆகவே அவித்த தண்ணீரிலும் இருக்கும். சாப்பிட்டதும் உதடு, நாக்கு மரத்தால் உடனே செயற்கைச் சுவாச வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து இல்லை, மூச்சை ஓட்டிக்கொடுத்தால் உடம்பே நச்சை வெளியேற்றும். நேரம் முடிந்தது. வணக்கம்.